அப்பாவைக் கரைத்த தண்ணீர்

திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையில், இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது எங்கள் ஊர். ஆற்றுக்குத் தெற்கே ஒரு கலெக்டர், வடக்கே இன்னொரு கலெக்டர். ஆறு கெட்டுப்போனதைச் சொல்லப் போனால் இரண்டு அலுவலகத்திலும் ஒரே பதில்தான்: அது அந்தப் பக்கத்து விஷயம். என் அப்பா பல வருடம் இரண்டு பக்கமும் நடந்தார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு சாயம் ஏறிச் சிவந்த எங்கள் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார். ஒருமுறை மேசையில் வைத்த பாட்டிலைப் பார்த்து, "வேண்டாங்க, இப்பத்தான் காப்பி குடிச்சேன்" என்றாராம் ஓர் அதிகாரி. குடிக்கக் கலர் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

ஊரின் சரித்திரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மஞ்சளும் புகையிலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள். கிணறுகள் கெட்ட பிறகு சாமர்த்தியம் உள்ளவர்கள் தோட்டத்தை விற்றுத் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்தார்கள். மற்றவர்கள் அந்தக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனோம். தறிக்காரர் வீதியில் பாதி வீடுகளை வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரைத் தென்னைகள் தலையில்லாமல் நிற்கின்றன. வெட்டக்கூட யாருக்கும் மனசு வரவில்லை, அல்லது வேலை மெனக்கெட நேரமில்லை.

நான் வேலைக்குப் போனது சாயப்பட்டறைக்கு. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அங்கே சூப்பர்வைசர். சட்டப்படி ஒரு சொட்டுச் சாயத்தண்ணீரும் வெளியே போகக் கூடாது. அதற்கு சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கிறது, அதிகாரிகள் வந்தால் ஓடவும் செய்யும். ஆனால் நல்ல மழை பிடித்தால் முதலாளி என்னைப் பார்ப்பார், நான் போய் வால்வைத் திறப்பேன். மழைத்தண்ணீரோடு கலந்துவிட்டால் யாருடைய சாயம் என்று யார் கண்டார்கள்?

திறந்ததும் முதல் வேலையாக அப்பாவுக்கு போன் செய்வேன்.

"மாட்டை ஆத்துப் பக்கம் உடாதீங்கப்பா."

"செரி கண்ணு."

அவ்வளவுதான் பேச்சு. ஏன் என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. ஏனடா இப்படிச் செய்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வேலையை விட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. பொய். விட்டிருக்க மாட்டேன். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

எங்கள் பக்கம் எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கி ஆற்றில் கரைப்பது வழக்கம். முன்பெல்லாம் நம் ஊர்ப் படித்துறையே போதும். தண்ணீர் கெட்ட பிறகு, செத்தவர்களை அதில் விட மனமில்லாமல், ஊரே வேன் பிடித்துக் கொடுமுடிக்குப் போக ஆரம்பித்தது. அங்கே காவிரி. போன வருடம் அப்பா படுக்கையில் விழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது ஒன்றுதான்.

"நம்ம ஆத்துத் தண்ணி மட்டும் எம்மேல படக் கூடாது கண்ணு. காவேரிக்குக் கொண்டு போயிரு."

"கொண்டு போறனுங்கப்பா."

அவருக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வெறியாக இருந்தேன். அவர் இறந்த மறுநாளே புது மண்கலயத்தில் எலும்பைப் பொறுக்கி, வழியெல்லாம் மடியைவிட்டு இறக்காமல் கொடுமுடிக்குக் கொண்டு போனேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று கலயத்தை விட்டேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. என் காலே எனக்குத் தெரிந்தது. பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சில் ஒரு கனம் குறைந்தாற்போல் இருந்தது. கரையேறித் துண்டைப் பிழிந்துகொண்டிருக்கும்போது பரிசல்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"அட, நொய்யக் கரையா? உங்க ஆறு இங்கதானுங்க வந்து சேருது. இன்னுங் கொஞ்சம் கீழ போனா பாக்கலாமுங்க. மழைக்காலத்துல நொரை தள்ளிக்கிட்டு வருமுங்க."

அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. பக்கத்து ஊர்க்காரன் என்று ஆசையாகத்தான் சொன்னார். நொய்யல் காவிரியில் கலக்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன், பரீட்சையில் எழுதியவன். எங்கள் ஊரில் அது தெரியாதவர்கள் யாரும் கிடையாது. இருந்தும் எல்லையைத் தாண்டினால் ஆறு முடிந்துவிடுவதுபோல் இத்தனை வருடம் ஊர்ச் சாவையெல்லாம் வேனில் ஏற்றி, அது வந்து சேரும் இடத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தோம். நான் அப்பாவைக் காப்பாற்றவில்லை. அந்தத் தண்ணீர் வந்து சேரும் இடத்துக்கு அவரை முன்னாலேயே அனுப்பி வைத்திருந்தேன். கலயத்தை விட்ட இடத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் எதைப் பிடிப்பது? படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உடன் வந்தவர்கள் அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நல்ல தண்ணியா கண்ணு?"

"நல்ல தண்ணிதானுங்கம்மா."

"அது போதும்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னையும் அங்கயே கொண்டு போய் உட்ரு, உங்கொப்பன் கூடவே" என்றாள்.

"செரிங்கம்மா" என்றேன்.