மாப்பிள்ளை மேலே பந்தடிக்கலாமா

நான் ஒரு நாளும் பந்து ஆடியவன் இல்லை. ஓடினால் மூச்சு வாங்கும், உதைத்தால் பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று நானே தேட வேண்டும். ஆனால் நகரிப் பக்கத்து எங்கள் ஊர் டீம் எங்கே ஆடப் போனாலும் கூடவே போன ஆள் நான். "அவனுக்கு இன்னா வேலை, பந்து பின்னால சுத்திக்கினு இருக்கான்" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதானே, இதற்கெல்லாம் நான் ரோஷப்படுவதில்லை.

எத்தனை கிரவுண்டு பார்த்திருப்பேன். ரேணிகுண்டாவில் ரயில்வேக்காரர்கள் ஆடுகிற இடம் முழுக்கக் கரித்தூள். விழுந்து எழுந்தவன் எந்த டீம் என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியாது. திருப்பதியில் அலிபிரிக்குக் கீழே ஒரு சரிவான நிலம். மலையேறப் போகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள், முடி இறக்கிவிட்டு வந்தவர்களும் அவர்களோடு நின்று கை தட்டுவார்கள். பந்து சரிவில் உருண்டு போனால் எடுத்து வருவது என் வேலை. தடாவில் காற்று யார் பக்கம் அடிக்கிறதோ அவர்களுக்குத்தான் கோல். எந்த ஊரானாலும் கோல் என்றால் இரண்டு சவுக்குக் கம்பு, மேலே ஒரு கயிறு. பந்து கயிற்றுக்கு மேலே போயிற்றா கீழே போயிற்றா என்று சண்டை வராத ஊரை நான் பார்த்ததே இல்லை. சண்டை ஓய்ந்ததும் சோறு போடுவார்கள். வந்த டீமைக் கை நனைக்காமல் அனுப்பினால் ஊருக்கே கேவலம்.

ஆந்திரா தனி ராஜ்யம் ஆனபோதும் இதில் ஒன்றும் மாறவில்லை. சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் யாருக்கு என்று பெரியவர்கள் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தோம். கடைசியில் எல்லை தீர்ந்தது. திருத்தணி மெட்ராசோடு போயிற்று, நாங்கள் ஆந்திராவோடு நின்றோம். அதே ரயில், அதே டிக்கெட், ஏகாம்பரகுப்பத்தில் ஏறி உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் திருத்தணி வந்துவிடும். இருந்தாலும் அது இப்போது வேறு ராஜ்யம். "இன்னாப்பா, பாரினுக்கா?" என்று ஸ்டேஷனில் கிண்டல் செய்வார்கள். "ஆமா, பாரின் கிரவுண்டு பார்க்கப் போறேன்" என்பேன்.

அந்த வருஷமே வைகாசியில் எங்கள் அக்காவைப் பாரினில் கட்டிக் கொடுத்தோம்.

மாப்பிள்ளைக்குத் திருத்தணியை அடுத்த ஊர். நிலம், கிணறு எல்லாம் உண்டு. அவர்கள் ஊர் டீமின் கோல்கீப்பரும் அவர்தான். வீட்டில் அவர் பேச்சை முதலில் எடுத்தவன் நான். எத்தனையோ ஆட்டத்தில் அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். விட்ட பந்துக்காக ஒரு தடவைகூட அடுத்தவனைத் திட்டியது இல்லை. இந்த மனுஷன் அக்காவை நன்றாக வைத்துக்கொள்வார் என்று என் மனதில் விழுந்துவிட்டது. எங்கள் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, போய் நிலத்தைப் பார்த்தார், கிணற்றில் தண்ணீர் பார்த்தார், சரி என்றார். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "வேற ராஜ்யத்துல குடுத்துட்டா எம்பொண்ணை நான் எப்போ பார்க்கறது" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் அவர்கள் டீம் எங்கள் ஊர் ஏரியில் ஆட வந்தது. ஏரி வறண்டு கிடக்கும் காலத்தில் அதுதான் எங்கள் கிரவுண்டு. அக்கா புருஷன், இப்போது எனக்கு மாமா, அக்காவையும் கூட்டி வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வருகிற முதல் தடவை என்பதால் அம்மா விடியும் முன்பே கோழி அடித்துவிட்டாள். நைனா முந்தின நாளே எங்கள் டீம் காப்டனைக் கூப்பிட்டுவிட்டார். காப்டன் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன்.

"மாப்பிள்ளை கல்யாணத்துக்கு அப்புறம் மொதமொதல்ல நம்ம ஊருக்கு ஆட வர்றாரு. பார்த்து நடந்துக்குங்கடா."

அவ்வளவுதான் சொன்னார். அது போதாதா? எங்கள் டீமில் பாதிப் பேர் அவருக்கு மச்சான் முறை, மீதிப் பேர் நைனாவுக்குப் பயந்தவர்கள். பந்தை அழகாகக் கொண்டு போவான்கள், கோல் கிட்டே போனதும் கால் எழாது. ஒருத்தன் வேண்டுமென்றே வெளியே அடித்தான். அண்ணனோ வெற்றிலைத் தட்டு நீட்டுகிற மாதிரி பந்தை மாமா கையிலேயே உருட்டிவிட்டான். விசில் ஊத வந்திருந்தவர் ரேணிகுண்டா தெலுங்கு டிரில் மாஸ்டர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏமய்யா, மீரு பெள்ளிக்கி வச்சாரா, ஆட்டக்கி வச்சாரா?" என்று கத்தினார். கல்யாணத்துக்கு வந்தீர்களா, ஆட்டத்துக்கு வந்தீர்களா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அவர்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள். தோற்றுப்போன எங்கள் ஊரே கரையில் நின்று மாப்பிள்ளைக்குக் கை தட்டியது. நைனா மாலை போட்டார். மாமா அதைக் கழற்றிச் சவுக்குக் கம்பில் மாட்டினார். "பசி இல்ல மாமா" என்றார். அக்காவைக் கூட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வீட்டில் இலை போட்டபடி கிடந்தது.

மாப்பிள்ளை கை நனைக்காமல் போய்விட்டார். எதனால் என்றுதான் யாருக்கும் புரியவில்லை. "மாலை சின்னதா இருந்துச்சோ" என்றார் நைனா. "வண்டி அனுப்பாம ஸ்டேஷன்ல இருந்து நடக்க வுட்டீங்க, அதான்" என்றாள் அம்மா. ஆடி மாதம் அக்காவை அழைத்து வர நைனா வரிசைத் தட்டோடு போனார். "வேலை இருக்குது மாமா, பொறவு பார்க்கலாம்" என்று மாப்பிள்ளை தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அம்மா அன்றிலிருந்து ஒரே பேச்சு. தலை தீபாவளிக்காவது அனுப்புவார்களா, இல்லை அதுவும் போய்விட்டதா? ஊரிலும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

புரட்டாசியில் பதில் ஆட்டம், அவர்கள் ஊரில். கிரவுண்டு பக்கமே வராத நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு ரயில் ஏறினார். மாப்பிள்ளை காலில் விழுந்தாவது பெண்ணைக் கூட்டி வருவது என்று தீர்மானம்.

அந்தக் கிரவுண்டு எனக்குப் பழக்கமானதுதான். மாந்தோப்பு ஓரம், கெட்டியான செம்மண், விழுந்தால் முட்டி சிராய்க்கும். அந்த ஊர்க்காரர்கள் எப்போதும் எனக்கு நிழலில் இடம் விடுவார்கள். அன்றும் விட்டார்கள். நாங்கள் உட்காருவதற்குள் அக்கா ஒரு தவலை மோரோடு வந்துவிட்டாள். புது மருமகள் கிரவுண்டுக்கு வந்ததை ஊரே வாய் பிளந்து பார்த்தது. அவள் சட்டை செய்யவில்லை.

"நைனா, அவரு எதுக்குக் கோவமா இருக்காருன்னு தெரியுமா?" என்றாள். "அன்னிக்கு நீங்கல்லாம் அவருக்கு வுட்டுக் குடுத்து ஆடிட்டீங்களாம். பச்சப்புள்ளைய வச்சிக்கினு வெளையாட்டுக் காட்டற மாதிரி காட்டிட்டாங்கன்றாரு. அதுக்கு ஊரே கை தட்டுச்சே, நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சாம்."

நைனாவுக்கு முகம் செத்துவிட்டது. "மரியாதை குடுத்தோம்மா" என்றார். "மாப்பிள்ளை மேல எப்டிம்மா பந்தடிக்கறது?"

"அவரு அங்க நிக்கறதே அதுக்குத்தானே நைனா" என்றாள் அக்கா. பிறகு காப்டன் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கும் அப்டியே ஆடிட்டுப் போனீங்கன்னா தீபாளிக்கு என்னை எதிர்பார்க்காதீங்க."

சொல்லிவிட்டுத் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய் நின்றாள்.

சொல்வது சுலபம். பழகிப்போன கால் கேட்க வேண்டுமே. அண்ணன் ரெண்டு தடவை தனியாக மாமா எதிரே போனான், ரெண்டு தடவையும் நைனா முகத்தைப் பார்த்தான், பந்தைக் கோட்டை விட்டான். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். தீபாவளி போயிற்று என்றே நினைத்தேன். நைனாவைக் கொஞ்சம் வெறுத்தேன்கூட.

இடைவேளை முடிந்ததும் நைனாவைக் காணோம். தேடினால், மனுஷன் கிரவுண்டைச் சுற்றி நடந்து போய் மாமாவின் கோலுக்குப் பின்னால் நிற்கிறார். துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மறுபடி பந்தோடு தனியாக வந்தான். வழக்கம்போல நின்று நைனாவைப் பார்த்தான்.

"அடிடா" என்றார் நைனா. "மாப்பிள்ளைன்னு பார்க்காத. அடி."

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு முட்டியை மடக்கினார். அண்ணன் இத்தனை மாதமாக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அடித்தான். பந்து நேரே மாமாவின் மூஞ்சியில் போய் விழுந்தது.

ரத்தம் கொட்டியது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நைனா வேட்டி தடுக்கத் தடுக்க உள்ளே ஓடினார், துண்டால் மூக்கை அழுத்தினார். அழுதுவிடுவார் போலிருந்தது. மாமா துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கோலு வுழலியே மாமா" என்றார். சிரித்தார். "வெளிய போங்க, இன்னும் டைம் இருக்குது."

அதற்குப் பிறகுதான் ஆட்டம். நான் போன கிரவுண்டுகளில் அப்படி ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. மச்சான்கள் எல்லாரும் மாறி மாறி அடித்தார்கள், அவர் விழுந்து விழுந்து தடுத்தார். முடியப் போகிற நேரத்தில் அண்ணன் அடித்த பந்து அவர் விரலில் பட்டு உள்ளே போனது. அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இது கோலு மச்சான்" என்று அண்ணன் முதுகில் ஒன்று வைத்தார். அக்கா மரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தலை தீபாவளிக்கு ரெண்டு பேரும் வந்தார்கள். மூக்கு ஆறியிருந்தது, ஆனால் கொஞ்சம் கோணலாக. கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தது. அம்மாவிடம் எங்களில் யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. மதியம் இலை போட்டு உட்கார்ந்தோம். கோழிக் குழம்போடு வந்த அம்மா அப்போதுதான் அந்த மூக்கை நன்றாகப் பார்த்தாள்.

"ஐயோ, மூக்குக்கு இன்னா ஆச்சு? எந்தப் பாவி வேலை இது?"

அண்ணன் தண்ணீர் குடித்தான். நைனா குனிந்து தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வூட்டு ஆளுங்கதான் அத்தே" என்றார் மாமா. "கொழம்பு ஊத்துங்க, பசிக்குது."

அம்மா கரண்டியோடு எங்கள் எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு ஊற்றினாள். மாமா சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் நைனா தன் இலையில் கை வைத்தார்.