மச்சான் கட்டுன பாட்டு

மேடையில் பாடிக்கொண்டே அண்ணன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு விரலை ஆட்டுவார். நான் அவர் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறவன். கடைசி வரி வரப்போகிறது, அது யார் காதிலும் விழாமல் உருட்டி அடி என்பதுதான் அந்த விரல்களுக்கு அர்த்தம். கும்மிடிப்பூண்டி பக்கம் நாங்கள் பாடுகிற பாட்டுகளில் கடைசி வரி என்பது பேர் வரி. பாட்டைக் கட்டியவன் பேர் அதில் வந்தாக வேண்டும். அண்ணன் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார், அந்தப் பேரை நான் சத்தத்தில் அமுக்க வேண்டும்.

அந்த வரியை இந்தப் பக்கத்தில் கேட்காதவர்கள் குறைவு.

எளாவூரு மச்சான் கட்டுன பாட்டு – எங்க
டீச்சரு வந்து ஒட்டுன பாட்டு.

மச்சான் என்றால் அண்ணனுடைய மனைவியின் தம்பி. அண்ணனுக்கு மச்சான், அதனால் எங்கள் எல்லோருக்குமே மச்சான். டீச்சர், சிப்காட் தொழிற்பேட்டை பின்னால் டியூஷன் எடுக்கிறவர். சாமி வேறானாலும் பாட்டு ஆசையில் அண்ணன் போய்ப் பாடிய சர்ச் பாடகர் குழுவில் கூடப் பாடியவர். அப்போது அண்ணனும் மச்சானும் நானும் ஒரே கம்பெனியில் வேலை. போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸில்தான் பாட்டுப் பிறக்கும். மச்சான் முன் சீட்டுக் கம்பியில் தாளம் தட்டி வரியை எடுத்து விடுவார். அதில் பாதி ஓட்டையாக இருக்கும், அந்த இடத்தில் 'தன்னன்னா' போட்டு ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனால் அவர் அந்த ஓட்டைகளை அடைத்துக் கொடுப்பார். அண்ணன் பாடுவார். யார் கட்டினது, யார் ஒட்டினது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. வரியே சொல்லிவிடுகிறதே.

அண்ணனுக்குப் பேர் வந்தது. பாட்டு கைபேசிகளில் ஓடியது. முதன்முதலாக ஒழுங்காக எடுத்த வீடியோவில், பாடல் என்று போட்ட இடத்தில் அண்ணன் பேர் மட்டும் இருந்தது. மச்சான் சண்டை போட வரவில்லை, கேட்கத்தான் வந்தார். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "வரி குடுக்க நூறு பேரு இருக்கான். பாடுறவன் ஒருத்தன்தான்" என்றார். நான் பக்கத்தில் பேடை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஜிப்பை எவ்வளவு மெதுவாக இழுத்தேன் என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது. மச்சான் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர்தான். டீச்சர் தனக்குப் பேரெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரும் ஒதுங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அண்ணன் சென்னையிலிருந்து ஒருவரைப் பிடித்துப் புதுப் பாட்டுகள் வாங்கினார். குறை சொல்லக்கூடாது, நல்ல தமிழ். ஆனால் மூச்சு விட இடமே இல்லாத வரிகள். மேடையில் அதை எடுத்தால் ஜனங்கள் மரியாதையாகக் கேட்பார்கள். எனக்கு அந்த மரியாதையைப் பார்த்தாலே பயம். நாலாவது பாட்டுக்குள் யாராவது 'மச்சான் பாட்டு' என்று கத்தி விடுவான். அண்ணன் சிரித்துக்கொண்டே பாடுவார். கடைசியில் இரண்டு விரல் ஆடும்.

இது எளாவூருக்குப் போகும்வரை ஓடியது. செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்கள் ஆயுத பூஜைக்கு மேடை போட்டிருந்தார்கள். மச்சானின் சொந்த ஊர். அடுத்த மாதம் அண்ணனின் பெண் குழந்தைக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அண்ணிக்கோ கூடப்பிறந்தது இந்த ஒரு தம்பிதான். மச்சான் எனக்குப் போன் போட்டார். "என் ஊருக்கே வந்து என் பேர முழுங்குனாருன்னா, பொண்ணுக்கு என் மடி கெடையாதுன்னு சொல்லிடு." நான் அப்படியே போய்ச் சொன்னேன். அண்ணன், மிரட்டுகிறானா என்று கேட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. இவர்கள் ரோஷத்துக்கு நடுவில் அந்தக் குழந்தையின் காது என்ன பாவம் செய்தது?

வெயில் சாயவில்லை. லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஒரு லாரியின் பம்பரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணி குழந்தையோடு முன் வரிசையில் உட்கார்ந்து தம்பியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். பாட்டு கடைசிக்கு வந்தது. அண்ணனின் கை பின்னால் போகக்கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. போனது. விரல்கள் ஆடின. நான் உருட்டினேன். என் உருட்டலுக்கு மேலே அந்த ஊரே எழும்பி வரியைப் பாடியது. டிரைவர்கள், கிளீனர்கள், சாலையில் நின்ற வண்டியிலிருந்தவர்கள் வரைக்கும் பாடினார்கள். அண்ணன் மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இறங்கி ஓடினேன். மச்சான் முகம் கறுத்திருந்தது. "ஊரு பாடுச்சிபா, நானும் கேட்டேன். உங்க அண்ணன் வாய மூடிக்கினுதான நின்னாரு?" என்றார்.

காது குத்து நின்று போனது. ஒன்று விட்ட மாமன்கள் மடி தர முன்வந்தார்கள். என் தம்பி மடி இல்லாமல் என் பெண் காதில் ஊசி படாது என்று அண்ணி சொல்லிவிட்டாள். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது வழக்கம். முதல் வயது போய், மூன்றாம் வயதும் போனது. பெண் ஒட்டுத் தோடு போட்டுக்கொண்டு திரிந்தாள். கச்சேரிகளில் அந்த வரியின் கதி ஊருக்கு ஊர் மாறியது. நம் பக்கத்தில் கூட்டமே பாடிவிடும், அண்ணன் மைக்கை நீட்டுவதைப் புதியவர்கள் ஸ்டைல் என்று நினைத்துக் கை தட்டுவார்கள். எல்லை தாண்டிப் போனால் வரி தெரிந்தவர்கள் இல்லை. அங்கே அந்த இடத்தில் என் பேட் மட்டும் தனியாக உருளும். பாட்டில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கும்.

இந்த வருஷம் ஊத்துக்கோட்டையில் கச்சேரி. அன்று காலைதான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், காது குத்தாத தன்னைப் பையன் என்று கேலி செய்வதாகப் பெண் அழுதிருக்கிறாள். அவளுக்கு ஐந்து வயது நடக்கிறது, அதையும் விட்டால் ஏழுதான். அண்ணன்தான் வண்டியில் இதைச் சொன்னார். கடைசி வரி வந்தபோது நான் குச்சியைத் தூக்கிக்கொண்டு அவர் கையைப் பார்த்தேன். கை அசையவில்லை. அவரே பாடினார். இத்தனை வருஷம் நாக்கில் படாத வரி அல்லவா, புரண்டுவிட்டது. மச்சான் ஒட்டுன பாட்டு, டீச்சரு கட்டுன பாட்டு என்று மாற்றிப் பாடிவிட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வியர்த்துப்போய் அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குப் பாவமாக இருந்தது.

யாரோ படம் பிடித்து அனுப்ப, மறுநாள் காலை நாஷ்டா வேளைக்குள் அது எளாவூர் போய்ச் சேர்ந்துவிட்டது. மச்சான் போனில் குதித்தார். "ஒட்டுனவனா நானு? இன்னா பேசுறாரு உங்க அண்ணன்? என் எதிர்ல வந்து பாடச் சொல்லு." எனக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை திருப்பாச்சூர் கோயிலில் காது குத்து, நீயே வந்து கேட்டுக்கொள் என்று கத்திவிட்டு வைத்தேன். அப்படி ஒரு நாளை யாரும் குறிக்கவே இல்லை. வைத்த பிறகுதான் உறைத்தது. அண்ணியிடம் ஓடிச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். உடனே தோடு செய்ய ஆசாரிக்குப் போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி ஆகியும் மச்சான் வரவில்லை. ஆசாரி சந்தனப் புள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். புள்ளி காய்ந்து உதிர ஆரம்பித்தது. அண்ணன் கோயில் மதிலைப் பார்த்தபடி நின்றார். நான் சொன்ன பொய்யின் எடை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மச்சான் வராவிட்டால் அண்ணி இனி யாரையும் கூப்பிட மாட்டாள். கடைசியில் பைக் சத்தம் கேட்டது. மச்சான் வந்த வேகத்தில் அண்ணன் முன்னால் நின்று, "வரியக் கேக்கத்தான் வந்தேன்" என்றார். அண்ணி தம்பியின் தோளைப் பிடித்து அழுத்திப் பாயில் உட்கார வைத்து, பெண்ணைத் தூக்கி மடியில் வைத்தாள்.

பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீதான் பாட்டுல வர்ற மச்சானா?" என்று கேட்டாள். மாமா என்று சொல்லச் சொல்லி அண்ணி அதட்டினாள். மச்சானுக்கு முகம் என்னவோ ஆகிவிட்டது. "இன்னா பாட்டு? எங்க, பாடு கேப்போம்" என்றார்.

அப்பன் ஒரு நாளும் வீட்டில் பாடாத வரி. கூட்டங்களில் கேட்டே அவள் பிடித்து வைத்திருந்தாள். ஆசாரி இதுதான் சமயம் என்று ஊசியை எடுத்தார். "எளாவூரு மச்சான்" என்று அவள் இழுக்கும்போதே வலது காதில் குத்தினார். வரி அலறலாக மாறியது. மச்சான் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"கட்டுன பாட்டு" என்று அண்ணன் பாடி முடித்தார்.