தேதி போடாத பதிவு

லாஸ்பேட்டையில் நண்பன் குமரன், மூடப்பட்ட மில்லின் கதையைப் பாடல்களாலேயே சொல்லும் மெட்டல் ராக் இசை ஆல்பம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தான். நாயகிக்குக் குரல் அவன் அக்கா கலா. பதிவுகளைத் தேதியிட்டு என் கணினியில் அடுக்குவது என் வேலை.

"நான் செத்தாலும் தேதி கேப்படா நீ" என்று அக்கா கிண்டல் செய்வார்.

புற்றுநோயில் அக்கா இறந்த மறுவாரம், தேதியில்லாத பதிவுகளை ஒத்திகை என்று நினைத்து அழித்தேன்.

"கடைசிப் பாட்டு எங்கடா? ஆஸ்பத்திரி போற அன்னிக்குப் பாடுனாங்களே. அவசரத்துல தேதி போடாம உன் கம்ப்யூட்டர்ல வெச்சேன்" என்றான் குமரன்.

உண்மையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை.

ஆல்பத்தில் அந்த இடத்தில் கிதார் மட்டும் ஒலிக்கிறது. அட்டையில், 'பதிவுகளைப் பாதுகாத்தவர்' என்று என் பெயர். எடுக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும்டா" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.