கேமராவுக்கு வைத்த பொட்டு

போன ஐப்பசியில், ஆயுத பூஜை முடிந்து தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்த சமயம். தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். என் கணவர், புது மூக்குக் கண்ணாடி தயாராகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னதால் அதை வாங்கப் போயிருந்தார்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் காரில் இருக்கும் கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் காரை ஓட்டுவது நான். எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்வது அவர். ஒருநாள் அடையாறு சிக்னலில் நாங்கள் சிவனே என்று நின்றுகொண்டிருந்தபோது ஒரு வேன் பின்னால் வந்து இடித்தது. இறங்கிக் கேட்டால், நாங்கள்தான் ரிவர்ஸில் வந்து அவர் வேனை இடித்தோம் என்று அந்த டிரைவர் அடித்துச் சொன்னார். அன்று இரவே என் கணவர் முடிவு செய்துவிட்டார், நமக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று.

ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலே ஊரில் உள்ள மிக்ஸிகளின் ஜாதகத்தை எல்லாம் பார்ப்பவர் அவர். கேமரா என்றால் கேட்க வேண்டுமா? சாப்பிடும்போதும் போனில் அதே வீடியோக்கள்தான். வெயிலில் நிற்கிற காருக்குள் பாட்டரி வைத்த கேமரா உப்பிப் போகுமாம், கெபாசிட்டர் வைத்ததுதான் சென்னை வெயிலுக்குத் தாங்குமாம். பெரியதாக இருந்தால் முன்கண்ணாடியை மறைக்கும், கண்ட கண்ணிலும் படும். திரை வைத்தது வேண்டவே வேண்டாம், நீ ரோட்டைப் பார்க்காமல் அதையே பார்ப்பாய் என்றார். கடைசியில் ராயப்பேட்டையில் ஒரு கடையில், தீப்பெட்டியை விடக் கொஞ்சம்தான் பெரியதாக ஒன்றை வாங்கினார். கடைக்காரர் வயரை மேல்துணிக்குள் செருகி, நடுக்கண்ணாடிக்குப் பின்னால் அதை ஒட்டினார். குனிந்து எட்டிப் பார்த்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

அதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம், அது பேச்சையும் சேர்த்துப் பதிவு செய்யும். காருக்குள் நாங்கள் பேசுவதில் முக்கால்வாசி அவருடைய அக்கா தங்கைகளைப் பற்றி நானும், என் அண்ணன்மார்களைப் பற்றி அவரும்தான். அதை அணைத்து வையுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். சரி சரி என்றார். இவ்வளவு ஆராய்ச்சி செய்த மனிதருக்கு அந்த ஒரு பொத்தானைத் தேட மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் சுவிட்ச் இருக்கிற எதுவும் அன்றைக்குப் பொட்டுக்குத் தப்பாது. கிரைண்டர், லேப்டாப், வைஃபை பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். காருக்கு வைக்கும்போது புதிதாக வந்தவரை விட்டுவிடக் கூடாதே என்று நினைவு வந்தது. குனிந்து, அந்தச் சின்ன கேமராவின் முகத்துக்கு நேர்நடுவில், நன்றாகக் குழைத்த சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பதில் மும்முரமாக இருந்த என் கணவர் இதைக் கவனிக்கவில்லை.

சரி, தியாகராய நகருக்கு வருகிறேன். மழை விட்டு லேசாகக் காற்று வந்தது. சாவியைத் திருப்பிக் கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட்டு என் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் காருக்கு முன்னால், உரசுகிற மாதிரி ஓர் ஆட்டோ வந்து நின்றது. கறுப்பு புர்கா அணிந்த ஒரு பெண் கையில் பெரிய பையோடு இறங்கி எதிர் அடுக்ககத்துக்குள் போனார். ஆட்டோவும் போய்விட்டது. நான் போனை வைத்துவிட்டு, வந்திருந்த செய்திகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதே பெண் வெளியே ஓடி வந்தார். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் வந்த ஆட்டோ எந்தப் பக்கம் போச்சு, பாத்தீங்களா?"

எனக்கு எங்கே தெரியும்? நான் போனில் இருந்தேனே. விஷயத்தை அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ராயப்பேட்டையில் வீட்டிலேயே, ரவிக்கையில் கல்லும் ஜரிகையும் வைத்துத் தைக்கும் ஆரி வேலை செய்கிறவராம். அந்த அடுக்ககத்தில் ஒரு கல்யாண வீடு. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கும் சித்திக்கும் தைத்த ரவிக்கைகள் கையில் இருந்த பையில். மணப்பெண்ணின் முகூர்த்த ரவிக்கை மட்டும் தனியாக ஒரு கவரில். வேலைப்பாடு மடங்கிவிடக் கூடாதே என்று அதை ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் பதமாகப் படுக்க வைத்திருக்கிறார். இறங்கும்போது கையில் இருந்த பையோடு இறங்கிவிட்டார். பத்திரமாக வைத்ததுதான் வினையாகப் போயிற்று.

"நாளைக்குக் காலைல முகூர்த்தம்கா. மேல போயி எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்லுவேன்? அந்தப் பொண்ணு தெனம் போன் பண்ணி, மயில் முடிஞ்சிச்சா, மயில் முடிஞ்சிச்சான்னு கேட்டுக்கினே கீது."

ரவிக்கையின் முதுகில் ஒரு மயில் போட்டிருந்தாராம். ஆட்டோவைத் தெருவில் கை காட்டி நிறுத்தி ஏறியதால் எண்ணும் தெரியாது, பெயரும் தெரியாது. ஓட்டியவரின் முதுகைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அடுக்ககத்துக் காவலாளி பக்கத்தில் வந்து நின்று, "கல்லு வெச்ச துணிங்கிறீங்க. ஆட்டோக்காரன் இந்நேரம் அப்பீட்டு ஆயிருப்பான்மா. மறந்துடுங்க" என்று ஆறுதல் சொன்னார். அதற்குள் என் கணவரும் புதுக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். கேட்டதும் அவரும், "எடுத்துட்டுப் போயிருப்பான்" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது, நானும் தலையை ஆட்டினேன். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"இருங்க, நம்ம கேமரா இருக்கே! நம்பர் பிளேட்டு பளிச்சுனு விழுந்திருக்கும்!"

இத்தனை மாதம் படித்ததை எல்லாம் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. போனை எடுத்துக் கேமராவோடு இணைத்தார். நாங்கள் மூவரும் எட்டிப் பார்த்தோம். திரை முழுக்க ஒரு பெரிய மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். போனையும் வேட்டி நுனியால் துடைத்தார். வட்டம் அப்படியே இருந்தது.

எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. மெல்லச் சொன்னேன்.

"லென்ஸ்லயா பொட்டு வெச்ச?"

"நெத்தின்னு நெனச்சேங்க."

அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் சட்டென்று சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை. "நல்ல மனசோட வெச்சது சார், திட்டாதீங்க" என்று எனக்காகப் பரிந்து வேறு பேசினார். சிரித்து முடித்ததும் மறுபடி கண் கலங்கிவிட்டது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

பொட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் தெரியத்தான் செய்தது. ஒரு மரக்கிளை, காரின் மூக்கு, ஒரு சுவர். மஞ்சள் ஆட்டோ வந்து மஞ்சள் பொட்டுக்குள் கலந்தது, பிறகு மறுபக்கம் அதன் கூரை மட்டும் வெளியே போனது. நம்பர் பிளேட்டு போன இடம் தெரியவில்லை. என் கணவர் விடாமல் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தபோது கை எங்கேயோ பட்டு ஒலி கிளம்பியது. முதலில் கேட்டது என் குரல்தான். "அவங்க அக்கா குடுத்தனுப்பின மைசூர்பாகை ஒடைக்க அம்மிக்குழவிதான் வேணும்" என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மரக்கிளையைப் பார்த்தேன்.

அடுத்து ஆட்டோ சத்தம். அந்தப் பெண் இறங்கியதும், ஓட்டியவர் போனில் பேசியது கணீரென்று கேட்டது.

"தோ, போய்க்கினே கீறேம்மே. டி.நகர்ல ஒரு சவாரி எறக்கிட்டேன். மந்தவெளி ஸ்கூலாண்ட பசங்கள ஏத்திக்கினு, அல்லாரையும் வூட்ல வுட்டுட்டு வந்துதான் சோறு. சின்ன கேட்டாண்ட கூட்டமா இருக்கும், சும்மா சும்மா போன் அடிக்காத."

மந்தைவெளி, சின்ன கேட். எனக்குப் புல்லரித்துவிட்டது. என் மகள் படித்த பள்ளி அது. பெரிய கேட் மெயின் ரோட்டில், குட்டிப் பிள்ளைகளை விடும் சின்ன கேட் பின்தெருவில். பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால் எந்தத் தெருவில் போய்த் தேடுவது? அதைவிட இன்னொரு பயம். ஒரு பள்ளிக்கூட ஆட்டோவில் எத்தனை பிள்ளைகளைத் திணிப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? தண்ணீர் பாட்டில், மிச்சம் வைத்த சாம்பார் சாதம், சேற்றுக் கால்கள். எல்லாம் அந்த மயிலின் மேல்.

"ஏறும்மா" என்றேன்.

வெங்கட்நாராயணா சாலையில் அன்று நான் ஓட்டிய மாதிரி அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டவில்லை. எப்போதும் மெதுவா, மெதுவா என்று உயிரை வாங்குகிற மனிதர், நந்தனம் சிக்னலில் "பச்சை விழுந்தாச்சு, எடு, எடு" என்று கத்தினார். பின் சீட்டில் அந்தப் பெண் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு முணுமுணுத்தபடி இருந்தார். என் கணவரும் பிள்ளையாருக்கு ஏதோ நேர்ந்துகொண்டார், என்னவென்று இன்றுவரை சொல்லவில்லை. சேமியர்ஸ் சாலையைத் தாண்டி மந்தைவெளிக்குள் நுழைந்தால், மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ஊரையே சுற்ற விட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் போன் அடித்தது, கல்யாண வீட்டிலிருந்து. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

பின்தெருவை அடைந்தபோது மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் வரிசையாக ஆட்டோக்கள், எல்லாம் ஒரே மஞ்சள். இதில் எது? முகமும் தெரியாது, எண்ணும் தெரியாது. தெரிந்தது குரல் மட்டும்தான்.

என் கணவர் இறங்கினார். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் ஆட்டோவாகப் போய், "அடையாறு வருமாப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஸ்கூல் சவாரி சார், வராது என்று அவர்கள் சொல்ல, இவர் போனில் பதிந்திருந்த குரலோடு ஒத்துப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். பின்னால் இருந்த டிரைவர்கள் எல்லாம், பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவரையே பார்த்தார்கள். கடைசிக்குச் சற்று முன்னால் நின்ற ஆட்டோவில் ஒருவர், "இன்னா சார், பசங்கள ஏத்திக்கினு கீறது கண்ணுக்குத் தெர்ல?" என்றார்.

என் கணவர் அங்கிருந்தே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். நாங்கள் ஓடினோம்.

ஆட்டோவுக்குள் ஒருவர் மடியில் ஒருவராகப் பிள்ளைகள். எல்லோருடைய கால்களும் ஒரு பக்கமாக மடக்கி வைக்கப்பட்டிருந்தன. நடுவில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, மடியில் ஒரு கவரைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளை ஏற்றும்போதுதான் டிரைவர் அதைப் பார்த்திருக்கிறார். பிரித்தால் உள்ளே கல்யாணத் துணி.

"கல்யாண சமாச்சாரம், அது மேல கால் படக் கூடாது, ஒயுங்கா குந்துங்கன்னு சொல்லிக் கீறேம்மா. இதுங்கள வூட்ல வுட்டுட்டு, எறக்கின எடத்துக்கே வந்து வாட்ச்மேனாண்ட கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

அந்தப் பெண் கையை நீட்டினார். சிறுமி கொடுக்கவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

"பச்சை ரவிக்கை கண்ணு. முதுகுல மயில் இருக்கும்."

அவள் கவரை லேசாக விலக்கி உள்ளே பார்த்தாள். "கரெக்ட்" என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் தூக்கிக் கொடுத்தாள். ஒரு கசங்கல் இல்லை. அந்தப் பெண் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் எப்படிக் கண்டுபிடித்தோம் என்ற கதையைப் பெருமையாக ஆரம்பித்தார்.

"இன்னாது, நான் சம்சாரத்தாண்ட பேசுனது உங்க கார்ல ரெக்கார்டு ஆயிருக்கா?" என்று டிரைவர் திகைத்துப் போனார். "நல்லவேளை, இன்னிக்கு மருவாதியா பேசினேன். சரி சார், மொதல்ல வண்டிய எடுங்க, பின்னாடி வேன்காரன் ஹாரன் அடிச்சிக்கினே கீறான்."

நன்றி சொல்லக்கூட அவர் எங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கை காட்ட, ஆட்டோ போய்விட்டது. அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டு வாசலில் விட்டோம். இந்த முறை என் கணவரின் 'மெதுவா, மெதுவா' திரும்பி வந்துவிட்டது. இறங்கும்போது அந்தப் பெண் என் எண்ணை வாங்கிக்கொண்டார். தன் துப்பட்டா நுனியை நனைத்து, கேமராவின் கண்ணிலிருந்த சந்தனத்தைத் துடைத்து, மீதியை அதன் உச்சியில் பொட்டாக ஒற்றினார். "இனிமே இங்க வைங்கக்கா" என்றார்.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. மணமேடையில் மணப்பெண் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள், முதுகில் தோகை விரித்த மயில். முகம் தெரியாவிட்டாலும், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஏதாவது தொலைந்தால் நம் வாயில் முதலில் வருவது, எவனோ எடுத்துட்டான் என்பதுதான். அன்று தெருவில் நின்று நாங்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அந்தப் பிள்ளைகளிடம் அது மேல கால் படக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது எது தொலைந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, ஆட்டோவுக்குள் ஒரு பக்கமாக மடங்கியிருந்த அந்தச் சின்னக் கால்கள்தான்.