முப்புள்ளித் துரையின் குடும்பப் பெயர்

என் அப்பாவுக்குக் கொச்சியில், மட்டாஞ்சேரியிலும் வெலிங்டன் தீவிலுமாக நாற்பது வீடு வாடிக்கை. அதில் முக்கால்வாசி வீட்டுக்காரர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. சேங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தோய்த்துச் சட்டைக் கழுத்தின் உள்பக்கம் ஒரு குறி போட்டுவிட்டால் போதும், எத்தனை வெள்ளாவியில் வெந்தாலும் அது போகாது. மீன்முள் வீடு, இரட்டைக்கோட்டு வீடு, முப்புள்ளித் துரை பங்களா என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. மூட்டை பிரித்து அடுக்குவது என் வேலை. அதனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே நாற்பது குறியும் எனக்கு மனப்பாடம்.

பிறகு படித்தேன். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் தேறி, எழுபதுகளின் நடுவில் வெலிங்டன் தீவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தினமும் காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறுவேன். அப்பாவுக்கு என்ன ஜோலி என்று ஆபீசில் முதல் நாளே கேட்டார்கள். "துணி வியாபாரம்" என்றேன். துணி வருகிறது, துணி போகிறது, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். ஆனாலும் அன்றோடு நிம்மதி போயிற்று. வெள்ளாவிப் புகை புடவையில் ஏறியிருக்கிறதா என்று படகில் முந்தானையை முகர்ந்துகொண்டே போவேன்.

பெரிய கிளார்க் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர். ஆபீசில் தமிழ் பேச அவருக்கு நான் ஒருத்திதான் கிடைத்தேன். மதியம் டிபன் கேரியரைத் திறந்ததும் ஒரு மாவடு என் டப்பா மூடியில் வந்து விழும். "சாப்பிடுடீ கொழந்தே. இந்த ஊர் ஊறுகாயெல்லாம் ஒரு ஊறுகாயா?" என்பார். எனக்கு அந்த மாவடு வேண்டியிருந்தது. அந்த மேசையில் எனக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அது பறிபோய்விடக் கூடாது என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு கவலை கிடையாது.

மேனேஜர் அந்தக் கம்பெனியின் கடைசி வெள்ளைக்காரர். எங்கள் வீட்டு முப்புள்ளித் துரை அவர்தான். குடும்பப் பெயர் ஃபுல்லர். ஓய்வு பெறச் சில வருடங்கள் இருக்கும்போது அந்தப் பெயரின் பூர்வீகத்தைத் தேடும் பித்து அவரைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் இருந்த ஒன்றுவிட்ட தம்பிக்கு வாரம் ஒரு கடிதம். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒரு நாள் பாதி வரியில் என் விரல்கள் நின்றுவிட்டன. நெய்த கம்பளியைத் தொட்டியில் போட்டு, அழுக்கு வாங்கும் மண்ணும் பழைய மூத்திரமும் கலந்த தண்ணீரில் காலால் மிதித்து வெளுப்பவனுக்குத்தான் ஃபுல்லர் என்று பெயராம். அவர்கள் நாட்டின் தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கே போனால் வாக்கர். மூன்றும் ஒரே தொழில். அதிலும் வாக்கர் என்றால் அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு வாக்கர் மேல்தான் விழவேண்டுமாம்.

சாயங்காலம் டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் அதையே சொல்லிச் சிரித்தார். பெரிய கிளார்க் என் பக்கம் குனிந்து, "பாத்தியா, என்ன பெருந்தன்மை! ஒளிக்காம சொல்றார் பாரு" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அப்போ தொரை நம்மாளா?" என்று சிரித்தார். "வீட்டுல பொண்ணு உண்டான்னு கேளு மோளே, உன் தம்பிக்குப் பாக்கலாம்." கொஞ்சம் கழித்து, "இப்பவும் மிதிக்கிறாங்களா?" என்றார்.

"இல்லப்பா. அது எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடி."

"அதான் சிரிச்சுச் சொல்றாரு" என்று கஞ்சியைக் கிளறினார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரு மழைநாளில் நானும் அப்படித்தான் கெட்டேன். தேயிலை ருசி பார்க்கும் அறையில் மேனேஜரும் அவருடைய உதவியாளர் இருவரும் போடுகிற வெள்ளைக் கோட்டுகள் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எல்லாம் ஒரே தையல், ஒரே அளவு. எது யாருடையது என்று பியூனும் கிளார்க்குகளும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கடிதத்தில் கையெழுத்து வாங்கப் போனவள், கோட்டுகளை வாங்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். "இது மேனேஜருடையது. இது குண்டு சாருடையது. இது மற்றவருடையது." கண் மூடித் திறப்பதற்குள் பிரித்து, கையை உள்ளே மடித்து அடுக்கியும் வைத்துவிட்டேன். அடுக்கிய பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது.

"இது எங்ஙனெ அறியாம்?" என்று பியூன் கேட்டான். அவன் கேட்டிருக்கவே வேண்டாம். நான் மடித்து வைத்த அழகையே பெரிய கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் ஃபைல் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார். "வயறு சரியில்லேடீ கொழந்தே" என்றார். ஓய்வு பெறும்வரை அவருக்கு வயிறு சரியாகவில்லை. ஆனால் மேனேஜர் உள்ளே நுழைந்தால் மட்டும் சட்டென்று எழுந்து நிற்பார். துரையும் வண்ணார் வம்சம்தானே ஐயா என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

செய்தி மேனேஜருக்கும் எட்டியது. அவர் ஆத்திரப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். நாம் ஒரே தொழில்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம்.

உன் அப்பாவோடு ஒரு படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஞாயிறு காலையில் எங்கள் வண்ணாந்துறைக்கு வந்துவிட்டார். வாடிக்கைக்காரர் சட்டையை ஒரு நாள் போட்டுப் பார்ப்பது எங்கள் தெருவில் சகஜம்; அப்பா அதைச் செய்யாதவர். அன்று தன் ஒரே நல்ல சட்டைக்கு நீலம் காட்டி, இஸ்திரிப் பெட்டி போட்டு, மொடமொடவென்று உடுத்து நின்றார். தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அவர் படம் எடுத்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

துரை பூட்சைக் கழற்றி, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி, கல் தொட்டிக்குள் இறங்கினார். அப்பாவும் இறங்கினார். துரையின் டிரைவர் கேமராவைப் பிடித்தான். துரை அப்பாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டை வேண்டாமே, வேலை செய்யும்போது எப்படி இருப்பாரோ அப்படி இருந்தால் இயல்பாக இருக்கும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"அப்பா, சட்டையைக் கழட்டச் சொல்றாரு" என்றேன்.

அப்பா துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு தொட்டியிலிருந்து ஏறி, சட்டையைக் கழற்றி, பெட்டி போட்ட மடிப்பு கலையாமல் மடித்துக் கரையில் வைத்துவிட்டு வந்தார். படம் எடுத்தார்கள்.

துரை ஊருக்குப் போய்விட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆபீஸ் விலாசத்துக்கு எனக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே அந்தப் படம். அப்பா அப்போது நெஞ்சுச்சளியில் படுத்திருந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். திருப்பினார். பின்பக்கம் மையில் இங்கிலீஷில் ஒரு வரி.

"என் பேரு எது, காட்டு" என்றார் அப்பா.

ஃபுல்லரும் ஒரு வண்ணானும், கொச்சி. அவ்வளவுதான் எழுதியிருந்தது. துரை அப்பாவின் பெயரைக் கேட்டதே இல்லை என்பதும், நானும் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் என்னைச் சுட்டது.

"எழுதலப்பா" என்றேன்.

சேங்கொட்டைப் புட்டியையும் ஊசியையும் எடுத்துவரச் சொன்னார். படத்தின் மூலையில் மூன்று புள்ளி வைத்தார்.

"இது அவங்க உருப்படி. தவறி நம்ம மூட்டையில வந்துடுச்சு. திருப்பிக் குடுத்துடு மோளே."

அடுத்த மழைக்காலம் அவர் பார்க்கவில்லை. துரையின் முகவரி என்னிடம் இருந்தது. தபால் ஆபீசும் ஜெட்டிக்குப் போகிற வழியில்தான் இருந்தது. ஆனால் அப்பாவுக்கு வேறு படம் கிடையாது. அவர் கைக்கு வந்த உருப்படிகளில் உரியவரிடம் போய்ச் சேராதது அது ஒன்றுதான்.