தம்பி எனக்கும் வேணும்

செவ்வாய்க்கிழமை காலை ஜரிகைக் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஹமீதா ஆபா போய்விட்டார். மாரடைப்பு. அதே கடையில் என்னோடு பல காலம் வேலை பார்த்தவர். ஆபா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. அவரைத் தெரிந்த நீங்கள் பலரும் "நல்ல மனுஷி, வாய்தான் நீளம்" என்கிறீர்கள். அந்த வாய் இல்லையென்றால் இன்று நான் இல்லை.

எங்கள் குடும்பத்தார் பெருமாளைத் தோளில் சுமப்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் கருட சேவை முடிந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அது தேவைப்படவும் இல்லை. ஓயாமல் பேசினேன். கடையிலிருக்கும் ஜரிகை எல்லாம் தங்கத் தேருக்கு என்று முதலாளிக்கே உத்தரவு போட்டேன். சின்ன காஞ்சிபுரமே மெச்சியது. "பெருமாளே தோள்ல ஏறிட்டாரு, அவனுக்கு இன்னாத்துக்குத் தூக்கம்?" என்றார் என் மாமா.

ஆபா மட்டும் மெச்சவில்லை. "மார்கழில எழுந்திருக்கவே முடியாம கெடந்தே, சோம்பேறின்னாங்க. இப்ப படுக்கவே மாட்டேன்ற, பக்தின்றாங்க. ரெண்டும் ஒரே நோவா இருக்கும்பா. எங்க அண்ணனுக்கும் இப்டித்தான் வந்துச்சு, தாயத்து கட்டிக்கினே வருஷத்த ஓட்டிட்டோம். வூட்ட வுட்டுப் போனவரு வரவேயில்ல" என்றார். மறுநாளே அரசு மருத்துவமனைக்கு, மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே சீட்டு வாங்கும் வரிசையில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆபா அவரைக் கூப்பிட்டே சொன்னார்: "நல்லாக்கீறியாமா? இவன் மனசுக்கு வைத்தியம் பாக்க வந்தோம். நீ முட்டிவலிக்கா?" எனக்கு மானமே போனது. உள்ளே மருத்துவர், இது பைபோலார் என்னும் இருமுனை மனநோய், முற்றுவதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார். மருந்தும் ஒழுங்கான தூக்கமும் இருந்தால் வேலை, குடும்பம் எல்லாம் நடக்கும் என்றார். நடக்கிறது.

அடுத்த கருட சேவை நெருங்கியதும் மாமா மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சாமி சுமப்பவனுக்கு மாத்திரை எதற்காம். ஆபா எங்கள் வீட்டுக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். "மாமா, சாமி உங்களுதுதான், அதுல நான் பேசல. தம்பி எனக்கும் வேணும். மாத்திர போட்டுக்கினு, தூங்கி எழுந்து வந்து தூக்கட்டும்." விடியற்காலைப் புறப்பாட்டை இப்போது மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் பகலில் தோள் கொடுக்கிறேன்.

இதையெல்லாம் எழுதாதே, உன் பெண்ணுக்கு வரன் தேட வேண்டாமா என்கிறார்கள். எழுதிவிட்டேன். நோய்க்கு வெட்கமில்லை, எனக்கு மட்டும் எதற்கு?

போன வாரம் ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போகும் பெண் தூங்காமல் படிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னார்கள். அவள் பேச்சின் வேகம் எனக்குப் பழக்கமானது. மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். முகத்தில் அடித்ததுபோல் கதவைச் சாத்தினார்கள். ஆபாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தைத்தான். நாளைக்கும் போய் அந்தக் கதவைத் தட்டுவேன்.