மூழ்கிய ஊருக்கு மேலே வந்த செய்தி

ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு ஊரில் யாராவது இறந்துபோனால், அதைச் சொல்வதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பதவியை எனக்கு யார் தந்தார்கள் என்று தெரியாது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், சாவு பார்த்துப் பழகியவள், பதறமாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் வேண்டாமென்று சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். எடுத்த எடுப்பில் சொல்லக்கூடாது. முதலில், சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் இருப்பவருக்குச் சாவு சொல்வது பாவம். அடுத்ததாக, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பிறகுதான் 'அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்' என்று சொல்லி வைப்பது. அந்த நேரம் அப்பாவைச் சவப்பெட்டிக்குள் கிடத்தியிருப்பார்கள். ஒரு மணித்தியாலம் பொறுத்து, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட வேண்டும். எங்களை வாசலில் கண்டதும் அவர்களுக்கு விளங்கிவிடும். பயணத்தில் இருப்பவருக்கு மட்டும் ஒருநாளும் சொல்லக்கூடாது.

என் மருமகளுக்கு, அண்ணாவின் மகளுக்கு, இது பிடிக்காது. அவள் அண்ணா குடும்பம் இருக்கும் ஸ்தவாங்கரில், நோர்வேயிலேயே பிறந்து வளர்ந்தவள். "மாமி, செத்துப்போனாரெண்டு நேர சொன்னால் என்ன? பிறகெப்பிடி உங்களை நம்பிறது?" என்று ஒருமுறை கேட்டாள். "உனக்கு விளங்காது, பிள்ளை" என்று வாயை அடைத்தேன். மச்சாள், அண்ணாவின் மனைவி, என் பக்கம்தான். அவவின் தாய் இறந்தபோது அவவுக்கே நான்தான் படிப்படியாகச் சொன்னேன். பிறகு அவவும் அங்கே உள்ளவர்களுக்கு அதே முறையில் சொல்லப் பழகிக்கொண்டா.

துருக்கிப் பயணம் என் கணவருடைய ஆசை. எங்கள் ஆட்கள் லூர்துக்குப் போவார்கள், ஊருக்குப் போவார்கள். இவருக்கு மட்டும் பழைய ஊர்களும் இடிந்த கோட்டைகளும் வேண்டும். பஸ் ஓட்டுகிற மனிதர், ஓய்வு நாளில் மற்றவன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறிக் கல்லுப் பார்க்கப் போகிறார் என்று அண்ணா பகிடி பண்ணுவார். இவரும் அண்ணாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என்னைக் கட்டுவதற்கு முன்பிருந்தே கூட்டாளிகள்.

புறப்படுவதற்கு இரண்டு நாளுக்கு முன் அண்ணா தொலைபேசியில் சொன்னார், "நெஞ்சு கொஞ்சம் இறுக்குது, குஞ்சு. ஆசுப்பத்திரியிலை வைச்சுச் சோதிக்கப் போறாங்களாம்." நான் பயணத்தை நிறுத்தப்போகிறேன் என்றேன். "விசர்க்கதை கதையாதை. போய்க் கல்லுகளைப் பார்த்திட்டு வா. நான் எங்கை ஓடப்போறன்?" என்றார். எனக்கு மனம் சரியில்லை. பெட்டி அடுக்கும்போது ஒரு கறுப்புச் சட்டை கையில் வந்தது. அதை எடுத்து வைத்தேன், பிறகு வெளியே எடுத்தேன், கடைசியில் வைத்துவிட்டேன்.

துருக்கி ஐரோப்பியச் சந்தைக்குள் இல்லாத நாடு, கைபேசியைத் தொட்டாலே பில் ஏறிவிடும் என்று இவர் பயமுறுத்தினார். இறங்கியதும் என் கைபேசியை விமானப் பயண நிலையில் போட்டார். ஹோட்டல் வைஃபையில் மட்டும்தான் அது உயிர் பெறும். தன்னுடையதை அறையிலேயே வைத்துவிட்டு, பழைய கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பகல் சுற்றுலா. மூழ்கிய ஊர், பாறைக் கல்லறைகள், புனித நிக்கலாசின் கோயில், எல்லாம் ஒரே நாளில். விடியற்காலை ஹோட்டல் வாசலில் நிற்கும்போது மச்சாளின் அழைப்பு ஒன்று தவறியிருந்ததைப் பார்த்தேன். திருப்பி எடுக்கப் போனேன், பஸ் ஹோர்ன் அடித்தது. "எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கினம், ஏறும்" என்றார் இவர். ஏறிவிட்டேன். பஸ் தெருவுக்கு வந்ததும் வைஃபை அறுந்தது.

வழிகாட்டி பத்து வருடம் நோர்வேயில் இருந்து திரும்பிய துருக்கிப் பெண்மணி. தலைகளை எண்ணினா. ஒருதரம் எண்ணி, நெற்றியைச் சுருக்கி, மறுபடி எண்ணினா. "எல்லாரும் இருக்கிறோம்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னா. பஸ்ஸில் எங்களைத் தவிர எல்லாரும் நோர்வேக்காரர். எனக்கு அந்த எண்ணிக்கையில் நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கிய பாதை முழுவதும் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, கறுத்த திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

படகில் ஏறியபோது பதினொரு மணி. கடலில் ஒரு சின்ன அலைகூட இல்லை. பழைய காலத்தில் நிலநடுக்கம் ஒன்று அந்த ஊரைக் கரையோடு கீழே இழுத்துவிட்டதாம். தண்ணீருக்குள் சுவர்கள் தெரிந்தன. பாறையில் வெட்டிய படிக்கட்டு ஒன்று மேலேயிருந்து இறங்கி வந்து, நேரே தண்ணீருக்குள் போனது. அடி தெரியவில்லை. இந்த இடத்தில் நீந்தக்கூடாது, படகும் நிற்கக்கூடாது என்று வழிகாட்டி சொன்னா. சொல்லிவிட்டு, தூரத்தில் மங்கலாகத் தெரிந்த ஒரு தீவைக் காட்டினா. அது கிரேக்கத்துடையது, ஐரோப்பியச் சந்தைக்குள் உள்ள நாடு. இந்த இடத்தில் கைபேசிகள் அந்தத் தீவின் தொலைபேசி அலையைப் பிடிக்கும், நோர்வேக்காரருக்குச் செலவே இல்லை என்றா.

இவருக்கு முகமெல்லாம் பல். "இஞ்சை கொண்டாரும், நான் போட்டுத் தாறன்." அவரே என் கைபேசியை உயிர்ப்பித்து என் கையில் தந்துவிட்டு, படிக்கட்டைப் படம் எடுக்க மறுபக்கம் போனார்.

அது கைக்குள் துடிக்கத் தொடங்கியது. மச்சாளின் நான்கு தவறிய அழைப்புகள். அதற்குக் கீழே அவவின் செய்திகள், ஒன்றன்பின் ஒன்றாக.

'சாப்பிட்டியா?'

'அவர் பக்கத்திலை நிக்கிறாரோ?'

'அண்ணாவுக்குக் கொஞ்சம் கடுமை. உடனை எடு.'

கடைசியாக, மருமகளின் இலக்கத்திலிருந்து ஒரு குரல்செய்தி.

பாம்பின் கால் பாம்பறியும். நான் போட்ட படிகள், நான் வைத்த வரிசை. எத்தனை பேருக்கு இதே மூன்றையும் சொல்லியிருக்கிறேன்! அண்ணா போய்விட்டார் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே அந்தச் சுவர்கள் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

மருமகளின் குரல்செய்தியைத் திறக்க விரல் போனது. நிறுத்திவிட்டேன். அவள் நேரே சொல்லிவிடுவாள். 'அப்பா செத்துப்போனார்' என்று அந்தப் பிள்ளையின் குரலில், அந்நியர்களுக்கு நடுவில், தண்ணீருக்கு மேல் நின்று கேட்க என்னால் முடியாது. மச்சாளைக் கூப்பிடவும் பயந்தேன். கூப்பிடாத வரைக்கும் அண்ணா எனக்குக் கொஞ்சம் உயிரோடு இருப்பார் என்று பட்டது. கூப்பிட்டால் என் முகத்தைப் பார்த்தே இவருக்குத் தெரிந்துவிடும். இவர் இந்தப் படகிலேயே விழுந்துவிடுவார். பயணத்தில் இருப்பவருக்குச் சொல்லக்கூடாது. கைபேசியை அணைத்து, பையின் அடியில், துவாய்க்குக் கீழே வைத்தேன்.

"என்ன, ஏதும் வந்ததோ?" என்று இவர் வந்து கேட்டார்.

"ஒண்டுமில்லை. மச்சாள் சாப்பிட்டியா எண்டு கேட்டிருக்கிறா."

"அவவுக்கு வேறை வேலையில்லை" என்று சிரித்தார். சரியாகத்தான் சொன்னார். மச்சாள் எப்போது எடுத்தாலும் முதலில் அதைத்தான் கேட்பா. அந்த நேரத்தில் அது என் மூளையில் ஏறவில்லை.

மத்தியானம் ஆளுக்கொரு பொரித்த மீன் வைத்தார்கள். செத்தவீட்டுக்காரி மீன் தொடலாமா? தட்டைத் தள்ளிவிட்டேன். "ஏன் மீனை விட்டனீர்?" என்றார். வயிறு சரியில்லை என்றேன். என்னுடையதையும் எடுத்து, முள்ளைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு இரக்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. கூட்டாளி செத்துக் கிடக்கிறான், இந்த மனிதர் மீன் தின்கிறார் என்று, நானே மறைத்துவிட்டு நானே கோபித்தேன்.

பிறகு பாறைக் கல்லறைகள். செங்குத்தான மலை முகத்தில் வீடுகளின் வாசல் போலச் செதுக்கி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலும் கறுத்துத் திறந்து கிடந்தது. "எங்கடை வெஸ்ட்லி மாடிவீடுகள் மாதிரியெல்லோ இருக்கு!" என்றார் இவர். "மச்சான் பார்த்தானெண்டால் வாடகை என்னவெண்டு கேட்பான். அவனுக்கு ஒரு படம் அனுப்பவேணும்." என்னை வாசல்களுக்கு முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

கோயிலுக்குப் போனபோது மூன்று மணி. பூமிக்குக் கீழே இறங்குவது போல இறங்க வேண்டும். உள்ளே குளிர். நிக்கலாசுடையது என்று சொல்லப்படும் கல்பெட்டியின் பக்கம் உடைந்து ஓட்டையாக இருந்தது. எலும்புகளை எப்போதோ கடல் கடந்து கொண்டுபோய்விட்டார்களாம், உள்ளே ஒன்றுமில்லை என்று வழிகாட்டி சொன்னா. மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். நான் அந்த ஓட்டைக்கு முன்னால் நின்று, அண்ணாவின் பெயரைச் சொல்லி, மரித்த ஆன்மாவுக்கான செபத்தைச் செபித்தேன். நித்திய இளைப்பாற்றியை மூன்று தரம் கேட்டேன். ஒவ்வொரு தரமும் சிலுவை போட்டேன். பஸ்ஸில் வழிகாட்டி மறுபடி தலைகளை எண்ணி, எல்லாரும் இருக்கிறோம் என்றா.

ஹோட்டலுக்கு வந்தபோது ஏழு மணி. இவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய் முதலில் சாப்பிட வைத்தேன். அறைக்கு வந்து கட்டிலில் இருத்தினேன். "அண்ணாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்" என்றேன்.

முப்பது வருடமாக என் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர். நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப?" என்றார்.

"காலமை."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எடும். மச்சாள் தனிய இருப்பா" என்றார். எடுத்தேன். கைபேசியில் வந்தது மருமகள்.

"மாமி, அப்பா செத்துப்போனார். ஒப்பரேசன் நடக்கேக்கை. நாலு மணிக்கு."

"நாலு மணியோ? காலமை எல்லோ..."

"காலமை கதைச்சுக்கொண்டுதானே இருந்தவர். எங்கடை ரெண்டு மணிக்குத்தான் உள்ளை கொண்டுபோனவை. கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டவர். என்ரை ஃபோனிலை தானே பேசி அனுப்பினவர். ஏன் மாமி எடுக்கேல்லை?"

நோர்வேயில் இரண்டு மணி என்றால் துருக்கியில் மூன்று. நான் அந்தக் கல்பெட்டிக்கு முன்னால் நின்ற நேரம். அண்ணா கண் விழித்து, கைபேசியைப் பார்த்தபடி படுத்திருந்த நேரத்தில், நான் அவரை மரித்தவர்களோடு சேர்த்து வழியனுப்பிக்கொண்டிருந்தேன்.

"மாமி?"

"அங்கை அலை இல்லை, பிள்ளை" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். படகில் கைபேசியைப் போட்டுத் தந்தவர் அவர்தான். இன்றுவரைக்கும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. மருமகள் நம்பிவிட்டாள். நேரே பேசுகிறவர்கள் மற்றவர்களும் நேரே பேசுவார்கள் என்றுதான் நம்புகிறார்கள்.

ஸ்தவாங்கரில் அடக்கம் முடிந்தது. மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடுமை எண்டு எழுதினனான், நீ பார்க்கேல்லையே?" என்று ஒரேயொரு தரம் கேட்டா. பார்க்கவில்லை என்றேன். இப்போது யாராவது சாவு சொல்லக் கூப்பிட்டால், நீங்களே சொல்லுங்கள், நேரே சொல்லுங்கள் என்று வைத்துவிடுகிறேன். ஒஸ்லோவின் குறொன்லாண்டுப் பகுதியில், மரக்கறிக் கடையில் கண்டால் சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள். அண்ணன் செத்த பிறகு அவளுக்குத் தலைக்கனம் என்று கதை.

அந்தக் குரல்செய்தியை மூன்று கிழமையாகத் திறக்கவில்லை. ஒரு நாள் பகல் இவர் வேலைக்குப் போன பிறகு, வெஸ்ட்லி வீட்டுக் குசினியில் தனியே இருந்தேன். என் முறைப்படியே செய்தேன். முதலில் சோறும் பருப்பும் போட்டுச் சாப்பிட்டேன். கையைக் கழுவினேன். கதிரையில் இருந்துகொண்டு, குரல்செய்தியைத் திறந்தேன். அண்ணாவின் மூச்சுத்தான் முதலில் கேட்டது.

"குஞ்சு, கல்லுகள் பார்த்து முடிஞ்சுதே? இவங்கள் ரெண்டு மணிக்கு என்னை உள்ளை கொண்டுபோகினமாம். அதுக்கு முதல் ஒருக்கா எடு. உனக்கு ஒண்டு சொல்லவேணும்." தாதி ஒருத்தி பின்னால் ஏதோ சொல்ல, அண்ணா அவளுக்குப் பதில் சொன்னார். பிறகு மறுபடி என்னிடம் வந்தார். "அவசரமில்லை. நீ சாப்பிட்டிட்டு எடு."